சபையோடு ஒரு சனிக்கிழமை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

பாயான் லெப்பாஸில் என்னோடு வேலை செய்யும் தோழியின் தமிழ்க் கிறிஸ்தவ சபை, அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமையைச் சமூக சேவை நாளாக அறிவித்திருக்கிறது. காலையில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவுப் பணி, மதியம் முதியோர் இல்லத்தில் உணவு. என்னையும் அழைக்கிறார்கள். நான் இந்து. ‘போனால் ஜெபத்தில் உட்கார வைத்துவிடுவார்கள்’ என்று அத்தை தடுக்கிறார். எனக்கு வேறு தயக்கம். வருடத்தில் ஒரு நாள் கூட்டமாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதால் யாருக்கு என்ன பயன்?

வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள தங்கைக்கு,

தயங்காமல் போய் வாருங்கள். ஜூலை மாதத்தில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறவர்களில் நம் இந்துக் குடும்பங்களும் உண்டு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் தேங்காய் உடைப்பவர்களில் சீனர்களும் உண்டு. பினாங்கில் வாழும் உங்கள் அத்தைக்கு இது தெரியாததல்ல. ஆயினும் அவருடைய அச்சத்தில் நியாயமான ஒரு பகுதி இருக்கிறது. உதவி பெறும் நிலையில் இருப்பவரிடம் மதம் பேசுவது முறையல்ல. படுக்கையில் கிடக்கும் முதியவரால், பிடிக்கவில்லை என்று எழுந்து போக முடியாது. தமக்காக ஜெபிக்கும்படி அவரே கேட்டால் அது வேறு. இதைத் தோழியிடம் முன்கூட்டியே மனம் விட்டுப் பேசிவிடுங்கள். நல்ல சபையார் இதற்காக வருத்தப்பட மாட்டார்கள்.

உங்கள் தயக்கம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஒரு நாள் வேலைக்குப் பயன் உண்டா என்பது, அந்த நாளில் எந்த வேலையை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கோத்தோங் ரோயோங் என்றால் புல் வெட்டுவதும் சாக்கடையைக் கூட்டுவதும்தான் வழக்கம். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பெரும்பாலும் வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த நீரைத்தான் தேடுகிறது. பூச்சட்டித் தட்டு, நடைபாதையில் கிடக்கும் பழைய டயர், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, தண்ணீர் பிடித்து வைக்கும் வாளி ஆகியவையே அதன் இடங்கள். அப்படிப்பட்ட வாளி ஒன்றின் உட்புறத்தில், நீர் நிற்கும் கோட்டுக்குச் சற்று மேலே பாருங்கள். கரித்தூள் ஒட்டியது போல் நுண்ணிய கறுப்புப் புள்ளிகள் இருந்தால், அவை கொசுவின் முட்டைகளாக இருக்கலாம். காய்ந்து போனாலும் அவை பல மாதங்கள் உயிரோடிருந்து, மீண்டும் நீர் ஏறும்போது பொரிக்கும் என்பதால், தண்ணீரைக் கொட்டிவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்தால் மட்டும் போதாது. உட்சுவரைத் தூரிகையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் வரைதான் ஆகிறது. ஆகவே வருடத்துக்கு ஒரு முறை செய்யும் துப்புரவு கொசுவை ஒன்றும் செய்யாது. அந்தக் காலைப் பொழுதில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, வீடு வீடாகப் போய் இதைக் காட்டிக்கொடுத்து, வாரந்தோறும் தேய்ப்பதைக் கவனித்துக்கொள்ள ஒரு மாடிக்கு ஒருவரையாவது அங்கே குடியிருப்பவர்களிலிருந்தே சேர்த்துவிட்டு வருவதுதான். தண்ணீர் சேமித்துத்தான் ஆக வேண்டும் என்ற வீடுகளுக்கு நீரில் போட்டுக் கொசுப்புழுவைக் கொல்லும் ஏபேட் மருந்து பற்றியும் சொல்லுங்கள்.

முதியோர் இல்லத்துக்குத் தீபாவளி, கிறிஸ்துமஸ், சீனப் புத்தாண்டுக் காலங்களில் பிஸ்கட் டின்களும் சமைத்த சாப்பாடும் வந்து குவிகின்றன. எனவே, என்ன கொண்டு வரட்டும் என்று பொறுப்பாளரிடம் முதலில் கேளுங்கள். பெரும்பாலும் பெரியவர்களுக்கான பேம்பர்ஸ்தான் தேவை என்பார். அதை வாங்கித் தருவது படத்தில் அழகாக இருக்காது, ஆனால் அதுதான் அன்றாடம் தீர்ந்துபோகிறது. 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிந்த இல்லமா என்பதையும் விசாரித்துக்கொள்வது நல்லது. யாருக்கு நீரிழிவு, யார் மாட்டிறைச்சி உண்ணாதவர், ஹலால் உணவு தேவைப்படுபவர் யார் என்பதெல்லாம் சமைக்கும் முன்பே தெரிய வேண்டும்.

ஊட்டிவிடும் வேலையைக் கொடுத்தால் அவசரப்படாதீர்கள். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவதே சிரமமாக இருக்கலாம். சோறு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, சிறிய கரண்டியில் கொஞ்சமாகக் கொடுத்து, தொண்டை அசைந்து வாய் காலியான பிறகே அடுத்த கரண்டியை நீட்டுங்கள். உண்டு முடித்த பின் அரை மணி நேரமாவது சாய்த்துப் படுக்க வைக்காதீர்கள். ஒருவருக்கு ஊட்டவே நேரம் சரியாகப் போய்விடும். முப்பது பேருக்குப் பொட்டலம் கொடுத்துவிட்டு வருவதைவிட, பொறுமையோடு அந்த ஒருவரின் பக்கத்தில் இருந்ததை நான் பெரிதாக மதிப்பேன். படம் எடுப்பதாக இருந்தால் அவர்களைக் கேட்டு எடுங்கள். பதில் சொல்ல முடியாதவரை எடுக்கவே வேண்டாம்.

பணியாளர்கள் குறைவாக உள்ள இல்லத்தில், முதியவர் ஒருவரை அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப்போனால் ஒருவருடைய காலை நேரம் முழுவதும் போய்விடுகிறது. மற்றவர்களைக் கவனிக்க ஆள் இருப்பதில்லை. சபையில் கார் வைத்திருப்பவர்கள் இருவர் மாதம் ஒரு முறை அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டால், வருடாந்திரச் சேவை நாள் வருடம் முழுவதற்கும் நீளும். விடைபெறும் முன் அடுத்த மாத மருத்துவமனைத் தேதிகளைப் பொறுப்பாளரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, யார் எந்தத் தேதிக்குப் போவது என்பதை அங்கேயே பேசி முடித்துவிடுங்கள்.