கருப்பு பனியனில் சிவப்பு ஏன் செங்கல் நிறமாகிறது?

கேள்வி: திருப்பூரில் சின்னதாக ஸ்கிரீன் பிரிண்டிங் யூனிட் நடத்துகிறேன். புதிதாக வந்த பையர் பிளாஸ்டிசால் (பிவிசி பிளாஸ்டிக் இங்க்) கூடாது, வாட்டர் பேஸ் (தண்ணீர் கலந்த) இங்க்தான் வேண்டும் என்கிறார். வெள்ளைத் துணியில் பளிச்சென்று விழும் சிவப்பு, கருப்பில் செங்கல் நிறமாகிவிடுகிறது. பிக்மென்ட்டை (நிறப்பொடியை) கூட்டிப் பார்த்தும் பலனில்லை.

பதில்: பிக்மென்ட்டை இனியும் கூட்டாதீர்கள். நிறத்தைத் துணியோடு ஒட்டவைக்கும் பைண்டர் பிடித்துவைக்கும் அளவைத் தாண்டினால், தேய்த்து நிறம் போகிறதா என்று பார்க்கும் ரப்பிங் டெஸ்ட்டில்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

குறை இங்க்கில் இல்லை, அதற்கு அடியில் இருக்கிறது. பிளாஸ்டிசால் துணிமேல் படலமாக உட்கார்ந்து அடிநிறத்தை மறைத்துவிடும். வாட்டர் பேஸ் நூலுக்குள் இறங்கிவிடும், அடிநிறமும் அதன் வழியே தெரியும். வெள்ளைத் துணி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, கருப்பு விழுங்கிவிடுகிறது. ஆக, கருப்பை முதலில் அகற்ற வேண்டும், அல்லது மறைக்க வேண்டும்.

அகற்றுவதற்கு டிஸ்சார்ஜ், அதாவது துணியின் சாயத்தை வெளுக்கவைத்து அடிக்கும் முறை. என் ஓட்டு இதற்குத்தான்; கையில் தடவினால் பிரிண்ட் இருப்பதே தெரியாது. இங்க்கில் சுமார் 6 சதவீதம் டிஸ்சார்ஜ் பவுடர் (துத்தநாக ஃபார்மால்டிஹைட் சல்ஃபாக்ஸிலேட்) கலப்பார்கள். சூட்டில் அது துணியின் சாயத்தை உடைக்க, அந்த இடத்தில் உங்கள் சிவப்பு ஏறிக்கொள்ளும். கலந்த இங்க்கை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், மறுநாள் வேலை செய்யாது. ஈரம் இருந்தால்தான் வினை நடக்கும் என்பதால் ஃபிளாஷில் (இடையில் சூடு காட்டும் கருவியில்) காயவைக்காமல் நேராக டிரையருக்கு அனுப்புங்கள்.

ஆனால் எல்லாச் சாயமும் வெளுக்காது. டர்க்காய்ஸ், ராயல் புளூ பெரும்பாலும் அசையாது. சல்ஃபர் கருப்பும் அப்படித்தான். பாலியஸ்டர் கலந்த துணி என்றால் இந்த வழியை யோசிக்கவே வேண்டாம். எனவே துணி சாயப்பட்டறைக்குப் போகும்போதே "டிஸ்சார்ஜுக்கு" என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், ஃபார்மால்டிஹைட் வரம்பைப் பையரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓகோ-டெக்ஸ் 100 என்ற துணிப் பாதுகாப்புத் தரத்தில் உடம்போடு ஒட்டும் துணிக்கு 75 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 75 பங்கு). பிரிண்ட் முடிந்ததும் ஒரு வாஷ் கொடுப்பது நல்லது. குழந்தைகள் ஆர்டருக்கு இந்த வழி வேண்டாம். டிரையர் பக்கம் எக்ஸாஸ்ட் கட்டாயம்.

மறைப்பதற்கு, கெட்டியான வாட்டர் பேஸ் வெள்ளையை அடிக்கோட்டாக அடித்து, ஃபிளாஷ் செய்து, மேலே சிவப்பு. கொஞ்சம் தடிப்பாக இருக்கும், ஆனால் சாயப் பிரச்சினை இல்லை. சிவப்பிலேயே வெள்ளையைக் கலந்துவிடலாமே என்று பட்டறையில் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், ரோஸ்தான் கிடைக்கும்.

பயோ வாஷ் செய்த (என்சைமால் பிசிறு நீக்கிய) கோம்ப்ட் துணியாக (சீவிய நூலில் நெய்ததாக) வாங்குங்கள். பிசிறு உள்ள துணியில் துவைத்த பிறகு நார் எழும்பி, நிறம் போகாமலே வெளிறினதுபோலக் காட்டும்.

கடைசியாகக் கியூரிங், அதாவது சூட்டில் இங்க்கைத் துணியில் நிலைக்கவைப்பது. தண்ணீர் முழுக்க ஆவியான பிறகுதான் இங்க் சூடேறும். டிரையர் மீட்டரில் 160 டிகிரி காட்டுவதை நம்பாமல், டெம்பரேச்சர் கன்னை இங்க் மேலேயே பிடித்துப் பாருங்கள். பெரும்பாலான இங்க்குகளுக்கு அந்தச் சூடு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். பெல்ட் வேகத்தைக் குறைத்தாலே பாதிப் புகார் நின்றுவிடும். முதல் பீஸை ஐந்து தடவை துவைத்துப் பார்த்துவிட்டு ஆர்டரை ஓட்டுங்கள்.