மைக்செட் அண்ணாச்சி பதில்கள்: வயதும் பாட்டும்

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு 52 வயது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை. பள்ளி நாட்களில் இளையராஜா பாட்டென்றால் எனக்குச் சோறு வேண்டாம். அப்பா ரேடியோவில் டி.எம்.எஸ். பாட்டு வைத்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். இப்போது கல்லூரிக்குப் போகும் என் மகள் கேட்கிற பாட்டு ஒன்றுகூட மனத்தில் ஒட்டவில்லை. அப்பா கேட்ட பாட்டுகளையோ தேடித் தேடிக் கேட்கிறேன். பாட்டு கெட்டுவிட்டதா, எனக்கு வயதாகிவிட்டதா?
(வாசகர், கல்லிடைக்குறிச்சி)

பதில்: தம்பி, பாட்டு கெடவில்லை. அதை அடித்துச் சொல்வேன். முழுப் பழியையும் உங்கள் வயதின் மேல் போடவும் மாட்டேன். நாம் தேடாமலே காதில் வந்து விழுகிற பாட்டு உங்களுக்கு நின்றுபோய்விட்டது; பெரிய காரணம் அதுதான்.

கொடை என்கிற கோவில் திருவிழாக்களுக்கு மைக்செட் கட்டிப் பிழைத்தவன் நான். ஊர் வேப்பமரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டால், கொடை முடியும்வரை அந்த ஊரில் ஒருவரும் பாட்டுக்குத் தப்ப முடியாது. சாமக்கொடை முடிந்து, வில்லுப்பாட்டுக்காரர்கள் வில்லை இறக்கி வைத்த பிறகு, விருப்பப் பாடலுக்குத் துண்டுச்சீட்டு வர ஆரம்பிக்கும். இளவட்டங்கள் நேரில் வந்து நிற்பார்கள். பெண்பிள்ளைகள் தம்பியிடம் கொடுத்தனுப்புவார்கள். பெரியவர்கள் கோவில் திண்ணையில் இருந்தபடியே கைகாட்டிக் கூப்பிட்டுச் சொல்வார்கள். சீட்டில் பெயரே வேண்டியதில்லை. பாட்டைப் பார்த்து ஆளின் வயதைச் சொல்லிவிடலாம். அநேகமாக எல்லோரும் தங்கள் பதினைந்து வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் நடுவில் வந்த பாட்டைத்தான் கேட்பார்கள். 1976-இல் இளையராஜா வந்தபோது திண்ணையிலிருந்து, "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று குரல் வந்தது. 1992-இல் ஏ.ஆர்.ரஹ்மான் வந்தபோதும் அதே குரல். இரண்டாம் முறை அப்படிக் கேட்டவர்களில் பலர், முதல் முறை இளையராஜா பாட்டுக்குச் சீட்டுக் கொடுத்த இளவட்டங்கள்.

இதற்கு மனவியலில் விளக்கம் இருக்கிறது. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவைதான் பிற்காலத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக நினைவுக்கு வருகின்றன. முதல் சம்பளம், முதல் காதல், விடுதி வாழ்க்கை, வேலைக்காக ஊரை விட்டுக் கிளம்பிய இரவு. அப்போது பக்கத்துக் கடையில் என்ன பாட்டு ஓடிக்கொண்டிருந்ததோ அதுவும் சேர்ந்தே பதிந்துவிடுகிறது.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு கூட்டம் மட்டும் அடங்கவில்லை: முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற பெண்கள். மடியில் தட்டு, பக்கத்தில் ரேடியோ. கை இலையை வெட்டும், தூளை வைத்துச் சுருட்டும், நூலைக் கட்டும். காதுக்கு வேலை இல்லை. காலையில் திருநெல்வேலி வானொலி, அப்புறம் பண்பலை. இந்தப் பாட்டு உனக்குப் பிடிக்குமா என்று ரேடியோ யாரையும் கேட்பதில்லை. அறுபது வயது அம்மாக்கள் அந்த வருடத்துப் படப்பாட்டுக்குச் சீட்டு அனுப்பியது அந்த ஊர்களில்தான். அவர்களுக்குப் பழைய பாட்டும் வேண்டும், புதுசும் வேண்டும். ராபர்ட் சயான்ஸ் என்ற மனவியல் அறிஞர் 1968-இல் எழுதிய கட்டுரையும் இதைத்தான் சொல்கிறது: ஒன்று நமக்குத் திரும்பத் திரும்ப அறிமுகமானாலே அதன்மேல் விருப்பம் வளர்கிறது. பீடிக்கட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது நடந்தது. சங்கத்தில் வரவு செலவுப் பேரேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த உங்களுக்கு நடக்கவில்லை.

இப்போது நிலைமை இன்னும் மோசம். நீங்கள் கேட்டதையே உங்கள் போன் திருப்பித் திருப்பித் தருகிறது. மகள் காதில் செருகிக்கொண்டு கேட்கிறாள். ஒரு வீட்டில் ஓடுகிற பாட்டு அதே வீட்டில் இன்னொருவர் காதில் விழுவதில்லை. எனக்கு இது மிகவும் வருத்தமான விஷயம்.

அப்பா பாட்டுக்கு வருகிறேன். அன்றைக்கு நீங்கள் வெறுத்தது அந்தப் பாட்டை என்று நான் நினைக்கவில்லை. ரேடியோவின் திருகு அப்பா கையில் இருந்ததைத்தான் வெறுத்திருப்பீர்கள். எழுந்து வெளியே போனாலும் தெருமுனை வரைக்கும் அது காதில் விழுந்துகொண்டுதானே இருந்தது? சொல் சொல்லாக உள்ளே இறங்கிவிட்டது. கடனையும் நட்பையும் உறவு முறிவதையும் பாடுகிற வரிகள் பதினாறு வயதில் யாருக்கு உறைக்கும்? இப்போது உங்களுக்கு அந்த வரி ஒவ்வொன்றுக்கும் ஆள் தெரியும், முகம் தெரியும்.

ஒரு காரியம் செய்யுங்கள். மகளிடம் அவளுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு ஒன்றே ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அடுக்களையிலோ கூடத்திலோ எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, தினம் ஒரு தடவை, ஒரு மாதம் ஓடட்டும். உட்கார்ந்து கவனிக்க வேண்டாம். சவரம் செய்யும்போது ஓடினால் போதும். அதுவரை நல்லது கெட்டது என்று ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது. முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பதினைந்து வயது. ஒரே பாட்டை நாள் முழுக்கக் கேட்கிறான். பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
(வாசகி, சங்கரன்கோவில்)

பதில்: பிடிக்காது அம்மா. அந்த வயதில் எல்லோரும் அப்படித்தான். எழுபது வயதிலும் அவனுக்குத் துணையாக வரப்போகிற பாட்டு அது, தடுக்காதீர்கள். ஆனால் காதில் செருகியிருக்கும்போது நீங்கள் கூப்பிடுவது அவனுக்குக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் சத்தம் அதிகம். கெட்ட செவி திரும்ப வராது. அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 74 வயது, மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புதுப் பாட்டில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. இவர்களுக்கு வாயைத் திறந்து பாடத் தெரியாதா?
(வாசகர், விக்கிரமசிங்கபுரம்)

பதில்: அண்ணாச்சி, பாதிக் காரணம் அவர்களிடம், பாதி நம்மிடம். வயது ஏற ஏற, மெல்லிய உயர்ந்த ஒலிகளைப் பிடிக்கிற சக்திதான் செவிக்கு முதலில் குறைகிறது. உயிரெழுத்துகள் தாழ்ந்த ஒலி, அவை கேட்கும். ச, ஸ, த போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அந்த உயர்ந்த ஒலிதான். அதனால் குரல் கேட்கும், சொல் நழுவிவிடும். பழைய பாட்டுகளில் இந்தக் குறை தெரியாது. வரிகள் நமக்கு முன்பே மனப்பாடம்.

அவர்கள் பக்கத்துக் காரணம் ஒலிப்பதிவு. அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் பாடி வாசித்துப் பதிவு செய்தார்கள். குரல்தான் முன்னால் நிற்கும். எங்கள் குழாயில் அடித்தொனி வரவே வராது, மனிதக் குரலின் நடுப்பகுதி மட்டும் வயல் தாண்டிப் போகும். டி.எம்.எஸ். குரல் அந்தக் குழாய்க்கென்றே பிறந்தது. இன்று பல அடுக்குகளாகத் தனித்தனியே பதிந்து, அதிர்கிற அடித்தொனியோடு கலக்கிறார்கள். அந்த அதிர்வு சொல்லை மூடிவிடுகிறது. போனில் 'பாஸ்' என்று இருப்பதைக் குறைத்துவிட்டு, 'டிரெபிள்' என்று இருப்பதைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பேரப்பிள்ளையிடம் ஒரு பாட்டின் வரிகளை எழுதி வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள், நன்றாக விளங்கும். வீட்டில் பேசுவதும் இப்படி நழுவினால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் காது பரிசோதனை செய்துவிடுங்கள். தள்ளிப் போட வேண்டாம்.

கேள்வி: சின்ன வயதில் கடற்கரை ஊரில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தேன். அதே பாட்டுகள் போனில் இருக்கின்றன. அந்தச் சுகம் இல்லையே, ஏன்?
(வாசகர், உவரி)

பதில்: அடுத்தது என்ன பாட்டு என்று உங்களுக்குத் தெரியாது, பி.எச்.அப்துல் ஹமீதும் கே.எஸ்.ராஜாவும் அறிவிக்க வேண்டும். அந்த வானொலி வந்த மத்திய அலை (மீடியம் வேவ்) உப்புத் தண்ணீர் மேல் சுலபமாக ஓடி வரும், அதனால் உங்கள் ஊருக்குப் பட்டப்பகலிலும் தெளிவாகக் கேட்டது. தெரு முழுக்க ஒரே நேரத்தில் அதே பாட்டைக் கேட்டது. போனில் தனியாகக் கேட்காமல் கூட்டாளிகளைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டுப் பாருங்கள், பாதிச் சுகம் திரும்பி வரும்.

கேள்வி: பாளையங்கோட்டையில் மகள் கல்யாணம். பாட்டி, நாங்கள், பிள்ளைகள் என்று மூன்று தலைமுறைக்கும் பிடிக்கிற மாதிரி என்ன பாட்டுப் போடலாம்?
(வாசகி, திருநெல்வேலி டவுன்)

பதில்: மூன்று பேருக்கும் பிடித்த பாட்டு என்று தேடினால் ஒன்றும் தேறாது. நேரத்தைப் பங்கு வையுங்கள். விடியற்காலையில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம். அவர் 1964-இல் மறைந்தாலும் நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் அவர் இல்லாமல் பொழுது விடியாது. முகூர்த்தத்துக்கு மேளக்காரர்கள் இருப்பார்கள், பெட்டியை நிறுத்திவிடுங்கள். முதல் பந்தியில் பெரியவர்கள் உட்காருவார்கள்: விசுவநாதன் ராமமூர்த்தி. அடுத்த பந்திக்கு இளையராஜா. மாலை வரவேற்பில் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள், பாட்டியையும் அங்கேயே முன்வரிசையில் உட்கார வையுங்கள்; அறைக்கு அனுப்ப வேண்டாம். மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுக்குப் பாட்டே வேண்டாம், அன்றைக்கு உறவுக்காரர்களுக்குப் பேச நிறைய இருக்கும்.