ஃபிரான்ஸ் ரூலோ எப்படிப் பேராசிரியர் ஆனார், என்ன செய்தார்?

ரூலோ ஒரு ஜெர்மன் இயந்திரப் பொறியாளர்; 1829இல் ஜெர்மனியில், இயந்திரம் கட்டும் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில், இயந்திரவியல் பேராசிரியர் ரெட்டன்பாகரிடம் படித்தார். 1856இல் சூரிக் பாலிடெக்னிக்கில் பேராசிரியர்; 1864இல் பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரிக்கு மாறி, நான்கே ஆண்டில் அதன் இயக்குநர்.

சரி, பதவிகள் கிடக்கட்டும். அவர் பாடம் சொன்ன விதம்தான் சுவாரசியம். எந்த இயந்திரத்தையும் ஒன்றோடொன்று பொருந்தி அசையும் ஜோடிகளாகவும், அவற்றைக் கோர்த்த சங்கிலியாகவும் பிரித்துப் பார்க்கலாம் என்றார். கதவுக் கீல் ஒரு ஜோடி. போல்ட்டும் நட்டும் இன்னொன்று. 1875இல் இதை நூலாக்கினார். மாணவர்கள் சுழற்றிப் பார்த்துப் புரிந்துகொள்ள நூற்றுக்கணக்கில் மாதிரிகளும் செய்ய வைத்தார். அவற்றில் 200க்கு மேல் இன்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் போய், ஜெர்மன் சரக்கு ‘மலிவு, மட்டம்’ என்று எழுதிவிட்டுச் சொந்த நாட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம் 1890இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ரெக்டரும் (தலைவரும்) ஆனார்.