சிரட்டைக்குள் பேய்க்கணவாய்: வாசகர் கேள்வி பதில்

கரமடியில் (கரையிலிருந்து இழுக்கும் வலையில்) ஏறிய குப்பையோடு ஒரு தென்னஞ்சிரட்டை வந்தது. உள்ளே கையளவுப் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்). இது எந்த இனம்? சிரட்டைக்குள் அதற்கு என்ன வேலை?
– வாசகர், குளச்சல்

சிரட்டையை மட்டும் வைத்து இனம் சொல்ல முடியாது. மணலும் சேறுமான தரையில் வாழும் சிறு பேய்க்கணவாய்கள் பலவும் கிடைத்த பொந்தில் நுழைந்துகொள்ளும். உயிரோடு இருக்கும்போதே நிறத்தைப் பாருங்கள். ஐஸில் போட்டால் வெளிறிவிடும். உடலில் நரம்பு ஓடினாற்போல் கருங்கோடுகள் கிளை பிரிந்து, கைகளின் ஓரம் கறுத்து, அந்தக் கறுப்பில் உறிஞ்சிகள் நீலவெள்ளையாகத் தெரிந்தால் அது ஆம்ஃபியாக்டோபஸ் மார்ஜினேட்டஸ். உடல் சுமார் 8 செ.மீ., கைகளோடு 15 செ.மீ. கண்ணுக்குக் கீழே, கைகள் தொடங்கும் இடத்தில் வளையம் போட்ட பொய்க்கண் (கண்போலத் தெரியும் புள்ளி) இருந்தால் அது வேறு இனம், ஆம்ஃபியாக்டோபஸ் நெக்லெக்டஸ்.

பாறைக் கடலில் ஒளிய இடுக்கு உண்டு. சேற்றுத் தரையில் எதுவும் இல்லை. மார்ஜினேட்டஸுக்கோ ஓடும் இல்லை, முள்ளும் இல்லை. அதனால் வீட்டைக் கையோடு தூக்கிப் போகிறது. இந்தோனேசியக் கடலில் முக்குளித்துப் பார்த்த ஆய்வாளர்கள் 2009இல் இதை விவரமாக எழுதினார்கள். இரண்டு சிரட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் உட்கார்ந்து, கைகளை விறைப்பாக வெளியே ஊன்றி, 20 மீட்டர் வரைகூட நடக்கிறது. அப்படி நடக்கும்போது வேகம் குறைவு, உடலும் மறைவில்லாமல் கிடக்கும். போய்ச் சேர்ந்தபின் இரண்டையும் கவிழ்த்து மூடிக்கொள்ளலாம் என்பதுதான் லாபம். சிரட்டை கிடைக்காத இடத்தில் பெரிய இருவால்வுச் சிப்பி ஓடுகளே போதும். மனிதன் சிரட்டையைக் கடலில் எறியும் முன்பு அதைத்தான் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

பாக் நீரிணைப் பக்கம் சங்கோடுகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டி இறக்கிப் பேய்க்கணவாய் பிடிப்பதும் இந்தப் பழக்கத்தை நம்பித்தான். இரை வைக்கவே வேண்டாம்.

சிரட்டையின் உட்புறம் வெள்ளை மணிகள் ஒட்டியிருந்தன. முட்டைகளை மட்டும் கடலில் விட்டால் பொரிக்குமா?
– வாசகர், பூவாறு

பொரிக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தாய் கைநுனியால் துடைத்து, தன் உடலிலுள்ள குழலால் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருந்தால்தான் முட்டைமேல் சேறும் பூஞ்சையும் படியாது. அந்த நாட்களில் அது இரை தின்பதில்லை. பொரித்த கையோடு செத்துப்போகும். பட்டினியால் மட்டும் வரும் சாவு அல்ல இது. கண்ணுக்குப் பின்னால் உள்ள பார்வைச் சுரப்பி இதை நடத்துகிறது. வேறோர் இனத்தில் அந்தச் சுரப்பியை எடுத்துப் பார்த்தபோது தாய் முட்டைகளை விட்டுவிட்டு மறுபடி தின்னத் தொடங்கியது. 1977இல் வெளியான ஆய்வு இது. ஆகவே தாயைப் பிரிக்காமல் சிரட்டையோடு, அலை உடையும் இடம் தாண்டி இறக்கிவிடுங்கள்.

வீட்டுத் தொட்டியில் வளர்க்க முடியுமா?
– வாசகர், பாறசாலை

முடியும், ஆனால் மீன் வளர்த்துப் பழகாதவர் தொட வேண்டாம். உப்பு லிட்டருக்கு 33 முதல் 35 கிராம் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் (ஆறு கடலில் சேரும் இடத்தில்) எடுக்கும் தண்ணீரில் ஆற்று நீர் கலந்திருக்கும், அதில் தாங்காது. மீனின் ஒட்டுண்ணிக்கு ஊற்றும் செம்பு மருந்து இதற்கு நஞ்சு, முன்பு அந்த மருந்து ஊற்றிய தொட்டியும் ஆகாது. பித்தளைக் குழாய் வேண்டாம். நிறையத் தின்று நிறையக் கழிப்பதால், வடிகட்டியில் பாக்டீரியா பல வாரம் ஊறி நிலைத்த பிறகே உள்ளே விட வேண்டும். இல்லாவிட்டால் அமோனியா ஏறிச் சாகும். மை கக்கினால் தாமதிக்காமல் தண்ணீரை மாற்றுங்கள். உடலில் கடினமானது வாயிலுள்ள அலகு ஒன்றே. அது நுழையும் இடுக்கு போதும், முழுப் பிராணியும் வெளியேறும். மூடியைக் கனமாக வைத்து இறுக்கிப் பூட்டுங்கள். இரண்டைச் சேர்த்து விட்டால் ஒன்றுதான் மிஞ்சும். இத்தனையும் செய்தாலும் ஏறக்குறைய ஓராண்டுதான் ஆயுள். எனக்கு இது வீண் செலவாகவே படுகிறது.

கடித்தால் விஷம் ஏறுமா?
– வாசகர், விழிஞ்ஞம்

உமிழ்நீரில் நண்டை முடக்கும் நஞ்சு உண்டு. மேலே சொன்ன இனங்கள் கடித்தால் மனிதருக்கு வலியும் வீக்கமும் வரலாம்; கழுவி, வீக்கம் கூடினால் மருத்துவரிடம் காட்டுங்கள். உடலில் பளிச்சென்று நீல வளையங்கள் உள்ள குட்டிப் பேய்க்கணவாய் விஷயமே வேறு. அதன் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு மூச்சை நிறுத்தும், மாற்று மருந்து கிடையாது. கடிபட்டவருக்கு மூச்சு தளர்ந்தால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே வலையில் வந்த குவியலில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால் கைபடாமல் ஒதுக்கிவிடுங்கள்.