அண்ணன் நிலத்தில் கையால் கட்டிய வீடு: பதில் நோட்டீஸில் எதை எழுதக் கூடாது?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் 2006-ல் அண்ணன் பெயரில் 40 சென்ட் நிலம் வாங்கினோம். பாதிப் பணம் என்னுடையது. “நீ வீட்டைக் கட்டு, குடும்பத்துக்கு ஒரு இடமாக இருக்கட்டும்” என்று அண்ணன்தான் சொன்னார். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து குதிரைமேல் சிமென்ட் ஏற்றிக்கொண்டுபோய், நானும் அப்பாவும் எங்கள் கையாலேயே கல் சுவர் எழுப்பினோம். 2009-ல் குடிபுகுந்தேன். அப்பா அந்த வீட்டில்தான் இறந்தார். அண்ணன் ஒரு கல்லைக்கூடத் தொட்டதில்லை. இப்போது நிலத்தை விற்கப் போவதாகவும், 30 நாளில் நான் காலி செய்ய வேண்டும் என்றும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். 12 ஆண்டுகளுக்கு மேல் அனுபவத்தில் இருப்பதால் இடம் எனக்கே சொந்தம் என்று பதில் அனுப்பலாமா?

பதில்: அந்தப் பதிலை அனுப்பாதீர்கள்.

உங்கள் கடிதத்தை முழுவதும் படித்தேன். உறைபனியில் விரல் மரத்துப்போகக் கல் அடுக்கியதையோ, அண்ணன் விடுமுறைக்கு மட்டும் வந்து போனதையோ நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் யார் பாடுபட்டார், யார் நன்றி மறந்தார் என்பதை வைத்து எந்த உரிமையியல் நீதிமன்றமும் தீர்ப்பு எழுதாது. இந்த வழக்கின் உயிர், நீங்கள் இணைத்திருக்கும் நோட்டீஸின் மூன்றாவது பத்தியில் இருக்கிறது: “எமது கட்சிக்காரரின் அனுமதியின் பேரில் தாங்கள் மேற்படி இடத்தில் வீடு கட்டிக் குடியிருந்து வருகிறீர்கள்.” உங்களுக்குச் சொந்த உரிமை ஏதுமில்லை என்று காட்டத்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள். ஆனால் ‘குடியிருக்க அனுமதி’ என்று நிறுத்தாமல், கட்டியதும் அனுமதியோடுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882-ன் 60-வது பிரிவைப் பாருங்கள். கொடுத்த உரிமத்தை (லைசென்ஸ், அதாவது இடத்தைப் பயன்படுத்தக் கொடுத்த அனுமதியை), கொடுத்தவர் ரத்து செய்யலாம் என்பது பொது விதி. உரிமத்தை நம்பிச் செயல்பட்டு, செலவு செய்து, நிரந்தரமான வேலை ஒன்றைச் செய்து முடித்தவரிடம் அந்த விதி செல்லாது. தங்குவதற்கு மட்டும் அனுமதி பெற்று, பிறகு தானாகக் கட்டிக்கொண்டவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கட்டுவதற்கே அனுமதி இருந்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1987-ல் தீர்ப்பளித்த ராம் சரூப் குப்தா எதிர் பிஷுன் நாராயண் இன்டர் காலேஜ் வழக்கில், பள்ளி நடத்த விடப்பட்ட இடத்தில் பள்ளி நிர்வாகம் நிரந்தரக் கட்டடங்களைக் கட்டியிருந்தது. பிறகு அந்த இடத்தை விலைக்கு வாங்கியவர் காலி செய்யக் கேட்டு வழக்குப் போட்டார், தோற்றார்.

இப்போது நீங்கள் சொல்லும் 12 ஆண்டுக் கணக்குக்கு வருகிறேன். என்னிடம் வருபவர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 12 ஆண்டு அனுபவத்தை வைத்துச் சொந்தம் கொண்டாடும் எதிரிடை அனுபவ பாத்தியத்தை வாதியாகவும் கோரலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அது எல்லோருக்கும் கைக்கெட்டிய உரிமைபோலத் தெரிகிறது. எதிரிடை என்றால், உரிமையாளரை மறுத்து, அவருக்குத் தெரியும்படி, என் சொத்து என்று வைத்திருப்பது. அனுமதியோடு இருப்பவர் 12 ஆண்டு இருந்தாலும் 40 ஆண்டு இருந்தாலும் அனுமதியோடு இருப்பவர்தான். அண்ணனை மறுத்து நீங்கள் என்றைக்கு நின்றீர்கள்? பொங்கலுக்குப் பொங்கல் அவருக்கு அறை ஒழித்துக் கொடுத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வாதம் தோற்பதோடு போனால் பரவாயில்லை. நல்ல வாதத்தையும் சேர்த்துக் கொன்றுவிடும். “யார் அனுமதியும் எனக்குத் தேவையில்லை, இடம் என்னுடையது” என்று நீங்கள் கையெழுத்திட்ட பதில் நோட்டீஸ் ஒன்று போதும். குறுக்கு விசாரணையில் அதை உங்கள் கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். அனுமதி இல்லை என்று நீங்களே சொன்ன பிறகு, அனுமதியை நம்பிக் கட்டினேன் என்று எப்படிச் சொல்வீர்கள்? எதிருரையில் (வழக்கில் பிரதிவாதி தாக்கல் செய்யும் பதிலில்) மாற்று வாதங்கள் வைக்கச் சட்டம் இடம் தருகிறதுதான். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கதைகளைச் சொல்லும் சாட்சியை எந்த நீதிபதியும் நம்பமாட்டார்.

பாதிப் பணம் கொடுத்த கதையையும் பதிலில் எழுதாதீர்கள். பத்திரத்தில் அண்ணன் பெயர் மட்டும் இருக்க, உண்மையான உரிமையாளர் நான் என்று சொல்வது பினாமி தடைச் சட்டம், 1988-ன் 4-வது பிரிவில் மாட்டும். வழக்காகவும் போட முடியாது, எதிர்வாதமாகவும் வைக்க முடியாது. உடன்பிறந்தவர் பெயரில் வாங்குவதற்கு விலக்கு உண்டு. ஆனால் ஏதேனும் ஓர் ஆவணத்தில் இருவரும் கூட்டு உரிமையாளர்களாக இருக்க வேண்டும். உங்களிடம் அப்படி எதுவும் இல்லை.

உங்கள் பக்கத்தில் இன்னொரு பலவீனம், கையால் கட்டியது. சட்டம் செலவைக் கேட்கிறது. உங்கள் இருவர் உழைப்புக்கு ரசீது ஏது? சிமென்ட் கடை ரசீதுகள், குதிரைக்காரருக்குக் கொடுத்த கூலியை அப்பா குறித்துவைத்த நோட்டு, அஸ்திவாரம் முதல் கூரை வரையிலான படங்கள், மின் இணைப்பு ஆவணம் ஆகியவற்றை இன்றே ஒன்றுசேருங்கள். வீட்டு வரி ரசீது நிலத்துக்கு உரிமை தராது. வீட்டைக் கட்டியது யார் என்று காட்ட மட்டும் உதவும்.

இவ்வளவு இருந்தும் வழக்கை நடத்தாதீர்கள், சமரசத்துக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். ரத்து செய்ய முடியாத உரிமம் கிடைத்தாலும் நிலம் அண்ணனுடையதாகவே இருக்கும். நீங்கள் விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது. அவர் விற்றுவிட்டால், வாங்கியவரை உரிமம் தன்னளவில் கட்டுப்படுத்தாது என்கிற 59-வது பிரிவை எடுத்துக்கொண்டு புதியவர் ஒருவர் வருவார். 1987 தீர்ப்பு கையில் இருந்தாலும் அவரோடு பல ஆண்டுகள் வழக்காட வேண்டியிருக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. வரைபட அனுமதியோ ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதியோ பெற்றதாக உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. பெறவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். 2019-ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் கொடைக்கானலில் கட்டடங்கள் பூட்டி சீல் வைக்கப்பட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வழக்கு முற்றும்போது ஆத்திரத்தில் யாராவது ஒருவர் மனு கொடுப்பார். கொடுத்தவர் பிறகு சமாதானமாகி மனுவைத் திரும்பப் பெற்றாலும் அதிகாரிகளின் நடவடிக்கை அதோடு நிற்க வேண்டியதில்லை. வீடும் போகும், நிலத்தின் விலையும் போகும். இது அண்ணனுக்கும் நஷ்டம்தான். அவரைப் பேச்சுக்குக் கூப்பிட அதுவே போதுமான காரணம்.

என்ன கேட்கலாம்? வீடும் அதைச் சுற்றி 10 சென்டும், பாதை உரிமையும் சேர்த்து, உங்கள் பெயருக்குப் பதிவு செய்த பத்திரம். மீதி 30 சென்டை அவர் விற்றுக்கொள்ளட்டும். பாதையைப் பத்திரத்தில் அளவோடு எழுதாவிட்டால், அந்த 30 சென்டை வாங்கியவர் வேலி போட்ட அன்றைக்கே நீங்கள் மறுபடி நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். அவர் நிலம் தர மறுத்தால் கட்டடத்துக்கு மதிப்பீடு போட்டுப் பணம் கேளுங்கள். வாய்ப் பேச்சை நம்பி ஒருமுறை கட்டிவிட்டீர்கள், இந்த முறை பதிவு இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பதில் நோட்டீஸ் சுருக்கமாக இருக்கட்டும்: உங்கள் அனுமதியின் பேரில், அதை நம்பி, என் செலவில் நிரந்தரமாகக் கட்டினேன், உரிமத்தை ரத்து செய்ய முடியாது, பேசத் தயார். அவ்வளவுதான். நோட்டீஸ் கிடைத்த பிறகு செய்யும் வேலை அனுமதியை நம்பிச் செய்ததாகாது. ஆகவே அடுத்த பனிக்காலத்துக்குள் கட்ட நினைத்திருக்கும் பின்பக்க அறையை இப்போது தொடாதீர்கள். ஒழுகும் கூரையை மட்டும் படம் எடுத்துவிட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.