அப்பாவின் கையில் பழைய போன்: சைபர் காப்பீடு எடுக்கலாமா?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் மகன் கேட்டான் என்று போன மாதம் 48,000 ரூபாய்க்கு வட்டியில்லா இ.எம்.ஐ.யில் போன் வாங்கிக் கொடுத்தேன். ஐந்து வருடத்தில் அவனுக்கு இது மூன்றாவது. அவனுடைய முந்தைய போன் என் மனைவிக்கு வந்தது, மனைவியின் பழைய போன் 69 வயதான என் அப்பாவுக்குப் போனது. அதில் ஆண்ட்ராய்டு 9 இருக்கிறது. பாதுகாப்பு அப்டேட் 2019 நவம்பர் என்று காட்டுகிறது. வங்கி ஆப் பிளே ஸ்டோரிலிருந்து இறங்கவில்லை என்றதும், செல்போன் கடைத் தம்பி பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பை ஏற்றும் ஏபிகே ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஏற்றிக் கொடுத்தார். அப்பாவின் ஓய்வுக்காலப் பணம் 9 லட்சமும் அந்தச் சேமிப்புக் கணக்கில்தான் கிடக்கிறது. எங்கள் தெருவில் ஒருவருக்குப் பணம் போனதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வருடம் 2,400 ரூபாயில் சைபர் காப்பீடு எடுக்கச் சொல்கிறார் ஒரு ஏஜென்ட். எடுக்கலாமா?

பதில்: முதலில் அந்தப் போனிலிருந்து சிம்மைக் கழற்றுங்கள். ஒரு பட்டன் போனில் போட்டு அப்பாவிடம் கொடுங்கள். நாளை காலை அவரையும் அழைத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போய், மொபைல் பேங்கிங், யு.பி.ஐ. இரண்டையும் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, பாஸ்புக்கைப் பதிவு செய்து பாருங்கள். கடைத் தம்பி நல்ல மனதோடுதான் செய்திருப்பார். ஆனால் அந்த ஃபைல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது. குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதி ஒன்று கிடைத்தால் போதும், ஓ.டி.பி. அடுத்தவன் கைக்குப் போய்விடும்.

காப்பீட்டுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது, வீட்டில் போன் கைமாறும் வரிசை. கணக்கில் சில ஆயிரம்கூட இருக்காத பையனிடம் புத்தம் புதிய போன் இருக்கிறது. வீட்டிலேயே அதிகப் பணம் வைத்திருக்கும் பெரியவரிடம் ஆகப் பழையது இருக்கிறது. இந்த ஒரு பழக்கம்தான் ஆபத்து. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை.

ஆண்ட்ராய்டு 9 வெளிவந்தது 2018 ஆகஸ்டில். அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவதைக் கூகுள் 2022-லேயே நிறுத்திவிட்டது. அப்பாவின் போனுக்கோ 2019 நவம்பரோடு எல்லாம் நின்றுவிட்டது. 2020 மே மாதம் ஸ்ட்ராண்ட்ஹாக் 2.0 என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது. ஆண்ட்ராய்டு 9-ம் அதற்கு முந்தையவையும் இதில் மாட்டின. வங்கி ஆப்பின் படத்தைத் தொட்டால், அதன் மேல் திருட்டு ஆப் தன் போலித் திரையை விரித்து நிற்க முடியும். நாம் பின் நம்பரை அங்கே போடுவோம். அதற்கான திருத்தம் வந்தபோது அப்பாவின் போன் அதைப் பெறும் வயதைத் தாண்டியிருந்தது. அப்பா எவ்வளவு கவனமாக இருந்தாலும் அந்தத் திரையைக் கண்டுபிடிக்க வழியில்லை. பழைய போன் மெதுவாக ஓடும் என்பது மட்டும்தான் குறை என்று பலரும் நினைக்கிறார்கள். பணம் இருக்கும் போனில் அது கடைசிக் குறை.

இனி கணக்கு. பெரிய வங்கிகள் பலவற்றில் சேமிப்புக் கணக்குக்கு வட்டி 2.5 சதவீதம், 9 லட்சத்துக்கு வருடம் சுமார் 22,500. அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8 சதவீதத்துக்குச் சற்று மேல் கிடைக்கிறது, குறைந்தது 72,000. வித்தியாசம் ஏறத்தாழ 50,000. மகனுக்கு வாங்கிய போனின் விலையை அப்பா ஒவ்வொரு வருடமும் வட்டியாக இழந்துகொண்டிருக்கிறார்! எட்டு லட்சத்தை அங்கே போடுங்கள். ஐந்து வருடத் திட்டம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். 80,000 வரை மருத்துவ அவசரத்துக்கு வங்கியில் இருக்கட்டும். மீதி 20,000-க்கு வேறொரு சின்னக் கணக்கு தொடங்கி, யு.பி.ஐ.யை அதில் மட்டும் இணையுங்கள்.

வங்கியிலேயே எஃப்.டி. போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். பல வங்கிகளின் ஆப்பிலேயே எஃப்.டி.யை முறிக்கலாம், அதன்மேல் கடனும் எடுக்கலாம். உள்ளே புகுந்தவனுக்கும் அதே வசதிதான். எஃப்.டி.தான் வேண்டுமென்றால், நெட் பேங்கிங்கை இருப்பைப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று கிளையில் கேளுங்கள்.

அப்பாவுக்கு 12,000 ரூபாயில் புதுப் போன் வாங்குங்கள். கேமராவைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதையெல்லாம் விடுங்கள். எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் என்பதை நிறுவனத்தின் தளத்தில் பார்த்து, நான்கு வருடத்துக்குக் குறைந்தால் வேண்டாம். ஆண்ட்ராய்டு 13-லிருந்து, வெளியிலிருந்து ஏற்றிய ஆப் திரையைப் படிக்கும் அனுமதியை எளிதில் வாங்க முடியாதபடி தடை வைத்திருக்கிறார்கள். அந்தத் தடை பெரியவர்களுக்கு மிக உதவும்.

ஏஜென்ட் சொல்லும் 2,400-ஐ ஐந்து வருடம் கட்டினால் அதே 12,000. இந்தக் காப்பீட்டை இப்போது எல்லாரும் விற்கிறார்கள். எதற்கெல்லாம் பணம் தரமாட்டார்கள் என்ற விலக்குப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். காப்பீடு எடுத்தவரின் கவனக்குறைவு, அப்டேட் செய்யாத கருவி என்று இருந்தால் உங்கள் வீட்டு நிலைமைக்கு அது பயன்படாது. நான் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் தந்த விதி ஒன்று உண்டு. நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் பணம் போய், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் நமக்கு இழப்பில்லை. தவறு நம்முடையது என்றால், தகவல் சொல்லும் வரை போனதெல்லாம் நம் தலையில். நிரூபிக்க வேண்டியது வங்கிதான். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலை ஏற்றியது அவர்களுக்கு வலுவான வாதமாகிவிடும். பாஸ்புக்கில் சந்தேகமான பற்று ஏதாவது இருந்தால் அங்கேயே எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

மகனின் மாதத் தவணை 4,000 முடியும் வரை வீட்டில் வேறு தவணை வேண்டாம். அப்பாவின் போனை ரொக்கத்தில் வாங்குங்கள். இந்த மாதம் கைக்கு எட்டவில்லை என்றால் பட்டன் போனே தொடரட்டும், அவசரமில்லை. அடுத்த போன் கேட்டு மகன் வந்தால், முதலில் தாத்தாவின் போனுக்கு அப்டேட் எதுவரை வரும் என்று அவனையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பழைய போனை முழுதாக ரீசெட் செய்து, சிம் இல்லாமல், வங்கி ஆப் எதுவும் ஏற்றாமல், பாட்டு கேட்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.