ஏர் பிஸ்டல் கிரிப்: மரத்தைத் தொடுமுன் புட்டி

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். 10 மீட்டர் போட்டிக்கான பழைய ஏர் பிஸ்டல் ஒன்று வாங்கினேன். கிரிப் (கைப்பிடி) கைக்குப் பெரிது. வலது கையால் சுடும்போது குண்டுகள் இடப்பக்கம் போகின்றன. ஆசாரியிடம் சொல்லிப் புது மரக் கிரிப் செய்துகொள்ளலாமா? டிரிகரை இன்னும் லேசாக்கலாமா?

பதில்: கிரிப் செய்யலாம். ஆனால் மரத்தில் தொடங்காதீர்கள். உங்கள் கைக்கு எந்த வடிவம் பொருந்தும் என்பது ஆசாரிக்குத் தெரியாது, இன்றைக்கு உங்களுக்கும் தெரியாது. பழைய கிரிப்பில் புட்டி பூசி அதைக் கண்டுபிடித்துவிட்டால், மரத்தில் நகலெடுப்பது மட்டும்தான் மிச்சம்.

முதலில் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்), சுடும் நிலையில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்துங்கள். கண்ணைத் திறக்கும்போது முன் சைட் (குறிபார்க்கும் முனை), பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் நிற்க வேண்டும். பக்கவாட்டில் விலகினால் கிரிப் கைக்குள் திரும்பி இருக்கிறது. மேலோ கீழோ போனால் சாய்வு தவறு. சைட்டுகள் சரியாக இருந்தும் துப்பாக்கி இலக்கை விட்டு விலகி நின்றால் கிரிப்பைத் தொடாதீர்கள், அது கால் வைக்கும் நிலையின் கோளாறு. பல போட்டி மாடல்களில் கிரிப்பைத் திருப்பவும் சாய்க்கவும் திருகு உண்டு. அதைச் சரிசெய்த பிறகே புட்டி.

அடுத்தது சுட்டுவிரல். முதல் கணுவின் சதைப்பகுதி டிரிகரில் நேராக அமர வேண்டும். கிரிப் பெரிதாக இருந்தால் விரல் எட்டாமல் நுனியால் அழுத்துவீர்கள். அல்லது விரலின் பக்கம் மரத்தில் உரசும். இரண்டுமே வலது கைக்காரரின் குழலை இடப்பக்கம் தள்ளும். ஆகவே அங்கே தேவை பூசுவதல்ல, அரத்தால் தேய்த்துக் குறைப்பது. டிரிகர் முன்னும் பின்னும் நகரும் மாடல் என்றால் அதையும் பயன்படுத்துங்கள்.

கிரிப்பைக் கழற்றி, வார்னிஷ் போகும்வரை 80 எண் உப்புத்தாளால் தேயுங்கள். வழவழப்பின் மேல் பூசிய புட்டி சில நாளில் பெயர்ந்துவிடும். திருகுத் துளைகளையும் துப்பாக்கியின் உடல் உட்காரும் உட்பள்ளத்தையும் டேப்பால் மூடுங்கள். இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி மரப் புட்டியை 2–3 மில்லிமீட்டர் கனத்தில், இடைவெளி தெரியும் இடத்தில் மட்டும் பூசி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்து, கிரிப்பை மாட்டி, நின்றபடி பிடியுங்கள். உட்கார்ந்து பிடித்தால் மணிக்கட்டின் கோணம் மாறிவிடும். கொஞ்ச நேரம் சுட்ட பிறகு கை லேசாகப் பருத்திருக்கும், அந்தக் கைக்குத்தான் அளவு. உள்ளங்கையின் கீழ் வரும் தாங்குபலகையை இறுக்கிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இறுகினால் ஒவ்வொரு முறையும் பிடி வேறாகும்.

வடிவம் நிலைத்ததும் அந்தக் கிரிப்பை மட்டும் கன்ஸ்மித்திடமோ (துப்பாக்கி வேலை செய்பவர்) மரவேலைக்காரரிடமோ கொடுங்கள். துப்பாக்கியைக் கொடுத்தனுப்ப வேண்டாம். ஸ்கேன் செய்து சிஎன்சியில் (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) வெட்டினால் உட்பள்ளம் துல்லியமாக வரும். கையால் குடையும்போது அங்கே ஆட்டம் விட்டுப்போகிறது. மரத்தில் வால்நட் என் தேர்வு. ஈட்டி மரம் அழகுதான், ஆனால் கனம். எந்த மரமானாலும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், இல்லையேல் மழைக்காலத்தில் உப்பும். பளபள பாலிஷ் வேண்டாம், வியர்வையில் வழுக்கும்.

சர்வதேச விதிப்படி துப்பாக்கி முழுதும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும், எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது. கட்டைவிரல் தாங்கியைப் பெரிதாக்கும்போதுதான் அந்த 50 மீறிப்போகும். தாங்குபலகை கிரிப்புக்கு 90 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும், மேல்நோக்கி வளையக் கூடாது. மணிக்கட்டு வெளியே தெரிய வேண்டும்.

டிரிகரை இழுக்கத் தேவைப்படும் எடை குறைந்தபட்சம் 500 கிராம். சரியாக 500-இல் வைத்தால் சோதனையில் சறுக்கலாம், 510–520 பாதுகாப்பானது. 500-க்குக் கீழே லேசாக்கினால் போட்டியில் இடமில்லை.

இந்தியாவில் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத, 20 ஜூல் சக்தியைத் தாண்டாத ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. கிரிப்பை மாற்றுவது அந்த நிலையை மாற்றாது. குழலையோ வால்வையோ யாரிடமும் மாற்றக் கொடுக்காதீர்கள், சக்தி கூடினால் அது சட்டத்தின் பார்வையில் வேறு ஆயுதம். பழையதாக வாங்கியதால் காற்று சிலிண்டரில் பொறித்துள்ள தேதியையும் பாருங்கள். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 10 ஆண்டுதான் கெடு வைக்கிறார்கள். தாண்டியிருந்தால் கிரிப்புக்கு வைத்த பணத்தில் முதலில் சிலிண்டரை மாற்றுங்கள்.